கழித்தல் குறி

மே மாதத்து ஞாயிறு, பகல் ஒன்று பத்து.
லவுசிட்ஸ் மணல்வெளிக்கு மேல் ஒரு மேகமில்லை,
எங்கள் குளிர்கோபுரங்கள் விடும் ஆறைத் தவிர.
கட்டுப்பாட்டு அறைத் திரையில்
மின்சாரத்தின் விலைக்கு முன்னால்
சின்னதாய் ஒரு கோடு முளைத்தது.

அழுக்கென்று நினைத்து
டெட்லெஃப் சட்டைக் கையால் துடைத்தான்.
போகவில்லை.

கழித்தல் அறுபத்தொரு யூரோ.
அதாவது,
பழுப்புக் கரியைத் தோண்டி
பதினோரு கிலோமீட்டர் பட்டையில் ஓட்டி வந்து
பொடித்து, எரித்து, நீராவியாக்கிச் சுழற்றியதை
எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று
கூலியும் கொடுத்து அனுப்புகிறோம்.

"அணைத்துவிட்டால் என்ன?" என்றாள்
புதிதாய் வந்த லூபினா.
யாரும் சிரிக்கவில்லை.
கொதிகலன் வீட்டு அடுப்பில்லை.
அணைத்தால் மறுபடி மூட்ட விடிந்துவிடும்.
அரைமூச்சுக்குக் கீழே இறங்கத் தெரியாத உடம்பு.
நிற்காதே நிற்காதே என்று
பழக்கியதும் நாங்கள்தான்.

தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி.
வெயிலைத் திட்டினார்கள்.
வடக்கே கடலில் அடிக்கும் காற்றை,
மானியத்தை, மந்திரியை.
மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது,
உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது.
காலகாலமாய் இதே ஒப்பாரி.
காற்றையே விற்றால் என்னவென்று
ஒரு வியாபாரிக்கும் தோன்றவில்லை.

ஜன்னலுக்கு வெளியே
தோண்டித் தீர்த்து மூடிய குழியின்மேல்
கண்ணுக்கெட்டியவரை சூரியப் பலகைகள்.
யாரோ வெளியூர்க்காரர்களுடையவை.
நிலம் எங்களுடையது.
மணலில் என்ன விளையப்போகிறதென்று
வந்த விலைக்கு விட்டோம், முப்பது வருடக் குத்தகை.
அவர்கள் மின்சாரம் போகும் கம்பியும்
எங்கள் முற்றத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

எட்டு மணிக்கு மேல் வெயில் சாய்ந்தது.
கோடு மறைந்தது. நூற்று நாற்பது.
திட்டிய அதே தொலைபேசி குழைந்தது:
இன்னும் கொஞ்சம் ஏற்றுங்களேன், முடிந்தவரை.
டெட்லெஃப் நாற்காலியில் நிமிர்ந்தான்.
"பார்த்தாயா? நாம் இல்லையென்றால் இருட்டு."
உண்மைதான்.
ராத்திரிக்கு மட்டும் உண்மை.

ஷிஃப்ட் முடிந்து பதிவேட்டைப் புரட்டினேன்.
அழுத்தம், வெப்பம், சாம்பல் எத்தனை டன்.
கடைசியில் 'குறிப்பு' என்ற கட்டம்.
பல்பு மாற்றச் சொல்வதைத் தவிர
அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை.
லூபினாவின் சாய்ந்த கையெழுத்து:

"மூன்றாம் கூடம் ஏழு வருடமாய்க் காலி.
தளம் உறுதி. கம்பி வாசல்வரை இருக்கிறது.
பகல் ஒரு மணியை அங்கே எடுத்து வைத்து
இரவு எட்டுக்குக் கொடுக்கலாமே?"

கீழே, பொறுப்பாளர் கையொப்பம்.
என் பேனா கொஞ்ச நேரம் நின்றது,
மறுபடி மூட்ட வேண்டிய கொதிகலன்போல.
பிறகு போட்டேன்.