குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை

வலேட்டாவில் பகல் பன்னிரண்டுக்குப் பீரங்கி வெடிக்கும்.
புறாக்களுக்குப் பழகிவிட்டது.
பயணிகள் வரிசை மொத்தமும் ஒருகணம் குனிந்து
பிறகு தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கும்.

அப்போதும் நான் பார்ப்பது கால்களைத்தான்.
பேராலய வாசலில் மடக்கு நாற்காலி,
அட்டைப்பெட்டி நிறையத் துணிச்செருப்பு.
உள்ளே தரை முழுக்கக் கல்லறை,
பளிங்கில் இழைத்த மண்டையோடு, வாள், சிறகு.
ஊசிக் குதிகால் ஒன்று போதும்
ஒரு பழைய பிரபுவுக்கு மூக்குடைய.

முகங்கள் என்னிடம் தங்குவதில்லை.
வெயிலில் வார் பதிந்த பாதம்,
கப்பல் ஐந்து மணிக்கு என்று
தட்டிக்கொண்டே இருக்கும் பெருவிரல்,
இவை தங்கும்.

மார்ச்சில் ஒரு பெண். தனியாக.
வலது செருப்பு தட்டை.
இடதில் மூன்று விரல் உயரத்துக்கு எஃகுக் குதிகால்.
சட்டப்படி பாதிதான் தப்பு.
காவலர் நாசியுவைப் பார்த்தேன்.
அவன் கூரை ஓவியத்தைப் பார்த்தான்.

அவளே குனிந்து கழற்றினாள்.
"போருக்குப் போனவர்கள்தானே கீழே?
இரண்டு காலும் சரியாய் எத்தனை பேருக்கு?"
சொல்லிவிட்டுக் கல்லறை கல்லறையாய்
விந்தி விந்திப் போனாள்.

இடது செருப்பு நல்ல கனம்.
உள்ளே கைவிட்டேன். சூடு இருந்தது.

வெளியேறும் வாசல் வேறு தெருவில்.
நான்கு மணி. வரவில்லை.
நான்கரை.
செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.
படி, படி, மரப் பால்கனியிலிருந்து சொட்டும் துணி,
மறுபடியும் படி.

கோட்டை மதிலோரம் உட்கார்ந்திருந்தாள்.
"உங்கள் தெரு ஒருபக்கம் சரிந்தே கிடக்கிறது.
கட்டைக்கால் மேட்டில், நெட்டைக்கால் பள்ளத்தில்.
பிறந்ததிலிருந்து முதல்தடவை நேராய் நடந்தேன்.
திரும்பினால் இரட்டைக் கோணல்.
அதனால் போய்க்கொண்டே இருந்தேன்."

பதினோரு வருஷத்தில்
இந்த நேரத்துத் துறைமுகத்தை நான் பார்த்ததில்லை.
எதிர்க்கரைக் கோட்டை வறுத்த ரொட்டி நிறத்தில்.
கீழே சிறு படகொன்றில் யாரோ
வெங்காய மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
கப்பல் ஒருமுறை ஊதியது.
அவள் எழவில்லை.
நானும் மணியைச் சொல்லவில்லை.
இரண்டாவது முறை ஊதியதும்
செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு
துணிச்செருப்போடேயே இறங்கினாள்,
சரிவை விடாமல்.

மறுநாள் பதிவேட்டில் ஒரு ஜோடி குறைவு.
பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுத,
நான் கேட்கவே இல்லையே.
இடது முப்பத்தெட்டு, வலது முப்பத்தொன்பது
என்று எழுதி நாசியுவிடம் நீட்டினேன்.
படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.