மொழிபெயர்ப்பாளர் படி

பல்லார்ட் எஸ்டேட், மூன்றாவது மாடி.
மின்விசிறிக்குக் காகிதம் பறக்காமலிருக்க
கோப்புகளின் மேல் துருப்பிடித்த ஷேக்கிள்கள்.
எனக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு,
சயான் கோலிவாடாவிலிருந்து வந்துபோக ரயில் கட்டணம் தனி.

சாட்சி சேசடிமை, மணப்பாடு.
சரக்குக் கப்பல் சாயா கௌரியில் ஏபிள் சீமேன்.
பின்னிரவு இரண்டு பத்துக்கு
வலப்பக்கம் காவல் நின்றவர்.
வெளிச்சத்தைப் பற்றிய விசாரணை என்றுதான் சம்மன் சொன்னது.
கம்பெனி வக்கீல் மஞ்ச்ரேக்கர் அம்மாளுக்கோ
எஞ்சின் நின்ற நாற்பது நிமிடம்தான் கணக்கு,
அதனால் தவறிப்போன துறைமுக முறையும்.

"என்ன பார்த்தீர்கள்?"
"பாக்கல. தெரிஞ்சுது."

கேப்டன் தாராப்பூர்வாலா பேனாவைத் தூக்கிக்கொண்டு
என் வாயைப் பார்த்தார்.
ஆங்கிலத்துக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
அங்கே கண்ணுக்கு ஒரு டப்பா, அறிவுக்கு ஒரு டப்பா.
நம்முடையது ஒரே டப்பா,
மூடியும் கிடையாது.
'பார்த்தார்' என்றே சொல்லிவைத்தேன்.
ஸ்டெனோ தட்டிவிட்டாள்.

நிறம்?
"நெறமில்ல. நனைஞ்ச மாதிரி."
உயரம்?
"மொதல்ல தண்ணிக்கு அடியில. பெறவு மேல."
சத்தம்?
"எங்க சத்தமே எங்களுக்குக் கேக்கல."
இதை மட்டும் சொல்லுக்குச் சொல் கொடுத்தேன்.
யாரோ எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்கள்.

கணவாய்ப் படகுகளின் விளக்கு?
ஓகா வரை கேட்டாயிற்று, அன்று யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை.
எண்ணெய்க் கிணற்றுத் தீ தொண்ணூறு மைல் தள்ளி.
வெள்ளி அப்போது உதிக்கவில்லை,
வானிலை ஆபீஸ் கடிதம், இணைப்பு நான்கு.
செயற்கைக்கோள் ஏதும் விழுந்ததா என்று பெங்களூருக்கு எழுதியதற்கு
நினைவூட்டல் இரண்டு போயிருக்கிறது.

குடித்திருந்தாரா?
"பெரிய வியாழன் சார் அன்னைக்கு."
விளக்க எனக்கு இரண்டு வாக்கியம் தேவைப்பட்டது;
பார்சிக்காரர் முதல் வாக்கியத்திலேயே தலையாட்டிவிட்டார்.

"ஏன் நிறுத்தச் சொன்னீர்கள்?"
"நான் சொல்லல. கை காட்டுனேன்.
ஆளு குறுக்க போனா வண்டிய நிறுத்த மாட்டமா?"
"ஆளா?" வக்கீலம்மாள் எழுந்தேவிட்டார்.
"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

ஒரு பேச்சுக்கு.
இரண்டாம் தடவை கேப்டன் என் வாயைப் பார்த்தார்.
தண்ணீர் குடித்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு வரைவு முடிவு:
காரணம் நிறுவப்படவில்லை.
கம்பெனி கணக்குக்கு அது போதாது,
சேசடிமையின் பயணப் புத்தகம் மேஜையிலேயே கிடந்தது.

படிக்கட்டில் கேட்டார்,
"என்ன எழுதியிருக்கு?"
"தெரியலன்னு."
"எனக்கா, அவங்களுக்கா?"

உண்மையாக மொழிபெயர்த்தேன் என்ற வரியின் கீழ்
ஏற்கெனவே கையெழுத்திட்டு வந்திருந்தேன்,
ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் பாதி, காகிதத்தில் பாதி.

ஹார்பர் லைனில், டாக்யார்ட் ரோடு தாண்டியதும்,
பெட்டி விளக்குகள் போய்விட்டு வந்தன.
யாரும் போனிலிருந்து தலை தூக்கவில்லை.
நான் மணி பார்த்துக்கொண்டேன்.