மௌனம் ஏழில் இருக்கிறது

டலூத்தில் ஜனவரி.
பனி தள்ளும் லாரியின் முன்சீட்டில்
ஒரு ராத்திரி கிதாரை மறந்து வைத்தேன்.
காலையில் பார்த்தால் வால்யூம் குமிழில் விரிசல்,
பல்லில் விழுந்த மாதிரி.
தொட்டதும் ஒரு சில்லு கையோடு வந்தது.

அந்தக் குமிழில்தான்
வெர்னா ஹால்வர்சன் நகச்சாயத்தால்
ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள், ஐந்தின் மேல்.
"ஆர்லோ, இதைத் தாண்டினால்
அடுத்த வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம்."
கர்லிங் கிளப்பின் மேனேஜர் அவள்.
ஆம்ப்பை ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் பூட்டி
சாவியைப் பணப்பெட்டியில் போட்டுவைப்பவள்.
எனக்கென்று விட்டுவைத்தது
கிதாரில் இருக்கும் இந்த ஒன்றைத்தான்,
அதிலும் பாதியை.

ஒன்பது வருஷம் ஐந்தில் வாசித்திருக்கிறேன்.

ஸ்பூனால் நெம்பு என்றான் டென்ஸில்.
டிரம்மர். எதையும் நெம்புவான்.
நெம்பினால் வார்னிஷில் தழும்பு விழும்.
ஷூ லேஸை அவிழ்த்துக் குமிழின் அடியில் சுற்றி
இரண்டு முனையையும் சேர்த்து மேலே இழுத்தேன்.
அசையவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி இன்னொரு இழுப்பு.
தெறித்துப் போய் அடுப்புக்கு அடியில் உருண்டது
என் ஒன்பது வருஷம்.

மிஞ்சி நின்றது ஒரு தண்டு.
பித்தளை, சுற்றிலும் பொடிப்பொடியாய்ப் பல்,
உச்சியில் ஒரு பிளவு.
எண் எதுவும் இல்லை அதில்.
ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தபாலில் வந்த புதுக் குமிழ் தொளதொளத்தது.
ஒன்று அங்குலத்துக்குப் பிறந்தது,
மற்றது மில்லிமீட்டருக்கு.
பிளவில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து
மெல்ல, மிக மெல்ல அகட்டினேன்.
கொஞ்சம் கூடிப்போனால் தண்டே முறிந்துவிடும்.
பிறகு குமிழை மேலே வைத்து அழுத்தப் போகும்போதுதான்
தோன்றியது:
இதை எந்தத் திசையிலும் மாட்டலாம்.

தண்டை முழுக்கத் திருகினேன், பத்துக்கு.
குமிழை ஐந்துக்குத் திருப்பி
உள்ளங்கையால் ஒரே அமுக்கு.

இனி முழுச் சத்தத்துக்குப் பெயர் ஐந்து.
பாதிச் சத்தம் பூஜ்ஜியம்.
அதற்கும் கீழே எண்ணில்லாத வழுவழுப்பு கொஞ்சம்,
அதையும் தாண்டிப் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி
மொத்தமாய் ஓய்ந்து நிற்கும்போது
குமிழ் ஏழைக் காட்டும்.
டென்ஸில் சிரித்துச் சிரித்து இருமினான்.

வெள்ளி இரவு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பனிமேல் கல்லைத் தள்ளிவிட்டு
துடைப்பத்தோடு ஓடுகிறவர்கள் ஓடினார்கள்.
இந்தப் பக்கம் ஐந்தில் வாசித்தேன்.
பீர் கிளாஸ்கள் அலமாரியில் முணுமுணுத்தன.
துடைத்துக்கொண்டிருந்த ஒருவன்
துடைப்பத்தை ஊன்றி நின்றுவிட்டான்,
அவன் கல் பாட்டுக்குப் போனது.

இடைவேளையில் வெர்னா வந்தாள்.
எண்ணைப் பார்க்கவில்லை.
"ஒரு கார்டு அடி, நிறுத்தாதே."
அடித்தேன்.
தலையைச் சாய்த்து, கண்ணை மூடி,
கொதிக்கும் குழம்புக்குத் தீ குறைக்கிறவள் போல
அவளே குமிழைத் திருப்பினாள்.
நின்றாள். ஒரு மயிரிழை பின்னால் வந்தாள்.
ஏப்ரன் பையிலிருந்து அந்தச் சிவப்புக் குப்பி,
சிறு தூரிகை,
ஒரு பொட்டு.

"இதைத் தாண்டாதே" என்று
சமையலறைக்குள் போய்விட்டாள்.

குனிந்து பார்த்தேன். மூன்று.
குறைத்துவிட்டாளே என்று முகம் சுண்டி,
பிறகு விரல் விட்டு எண்ணினேன்.
எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணினேன்.

எட்டு.

தெரிந்து வைத்தாளா, காது சொன்னதை வைத்தாளா,
கேட்கப் போவதில்லை நான்.
பொட்டு காயும்வரை
அடுத்த பாட்டைத் தொடங்காமல் உட்கார்ந்திருந்தோம்,
குமிழ் மூன்றில்,
டென்ஸில் ஊதி ஊதிக் காயவைக்க.