குஞ்சப்பனை இறக்கம்

கட்டபெட்டில் டீ குடித்து வண்டியேறினேன்.
கோத்தகிரி வந்த பிறகுதான்
கண்டக்டர் மரியசூசை கேட்டான்:
"அண்ணே, இடது செருப்பு எங்க?"
குனிந்து பார்த்தேன். கால் இருந்தது.
செருப்பு இல்லையென்று
அது எனக்குச் சொல்லவில்லை.

பதினோரு வருஷமாகச் சர்க்கரை.
வலிக்காத நோயெல்லாம் ஒரு நோயா என்று
வர்க்கியை டீயில் முக்கியபடி
நானே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்ணை மூடச் சொன்னாள்.
கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை.
"பாதத்துல தொடும்போது சொல்லுங்க."
காத்திருந்தேன்.
வராந்தாவில் யாரோ இருமி ஓய்ந்தார்கள்.
"ஆரம்பிக்கலாமே சிஸ்டர்."
"பத்து இடமும் முடிஞ்சுதுங்க."

டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே பேசினார்.
நரம்புக்குச் சோறு கொண்டுபோகும் குழாய்
தலைமுடியை விட மெலிசாம்.
இனிப்பில் ஊறி ஊறிச் சுவர் தடித்து
உள்ளே வழி அடைபடுகிறதாம்.
சிறுநீரகத்திலும் அதே மெல்லிய குழாய்கள்தான்,
அங்கே சல்லடை கிழிந்து சத்து ஒழுகுகிறது.
"நுரை வருதா?"
வருது.
குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்குப் பின்னால்
ஆறு மாசமாகப் பார்க்கிறேன்.
மழைக்கால ஓடைகூடத்தான் நுரைக்கிறது என்று
ஜிப்பை இழுத்துவிட்டு வந்துவிடுவேன்.

என்ன வேலை என்றார். டிரைவர் என்றேன். எழுதிக்கொண்டார்.
எந்த மலை, எத்தனை வளைவு
என்று சீட்டில் கட்டமில்லை.

பிரேக் எங்கே இருக்கிறதென்று
என் வலது பாதத்துக்குத் தெரியாது.
முட்டிக்குத் தெரியும், தொடைக்குத் தெரியும்.
புஸ்ஸென்று காற்று விடும் சத்தத்தை வைத்து
எவ்வளவு மிதித்தேன் என்று கணக்குப் போடுவேன்.
காதால் ஓட்டுகிறேன்,
ஐம்பத்திரண்டு பேரை,
கூரைமேல் கேரட் மூட்டைகளை,
வாந்தி வருமோ என்று ஜன்னலைப் பிடித்திருக்கும் பிள்ளைகளை.
பின்சீட்டில் யாராவது உரக்கச் சிரித்தால்
அந்த வளைவு எனக்கு இருட்டு.

மறுநாள் ஐந்தரை வண்டி.
மேலாளர் அறை வாசலில் நின்றேன்.
மகளுக்கு இரண்டாம் தவணை பாக்கி,
உள்ளங்கையில் சாவி
சில்லென்றிருந்தது (கைக்கு இன்னும் தெரிகிறது).
"லீவா?" என்றார்.
"இல்ல சார். கால்."

வேறொருவன் ஓட்டினான்.
அவனுக்குப் பின்சீட்டில் நான்,
மடியில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, பாதி மூடுபனி.
இறக்கம் முழுக்க, ஒவ்வொரு திருப்பத்திலும்
என் கால் தரையை மிதித்துக்கொண்டே வந்ததாம்.
மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது
மரியசூசைதான் சொன்னான்.