ரெட் ஆக்சைடு

புரசைவாக்கம் பெயின்ட் கடையில்
பதினெட்டு வருஷமாக நிறம் கலக்குகிறேன்.
வெள்ளை பேஸில் எத்தனை சொட்டு விழுந்தால்
அதற்கு என்ன பெயர் என்று
மெஷினுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.
அதனால்தான்,
பாத்ரூம் டியூப்லைட்டில்
துடைத்த துணியை விரித்துப் பார்த்தபோது
பயத்துக்கு முன்னால்
ஷேட் கார்டு வந்தது மனசில்.

ஒன்பது நாள் கழித்து மறுபடி.
இந்த முறை பழுப்பு.
கிரில் கம்பிக்கு முதல் கோட் அடிப்பார்களே, அது.

நூறு சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான்
அது ஒரு சொட்டு ஆகும் என்று
ஓட்டேரியில் என் வயசுப் பையன்கள் எல்லாரும்
கணக்குப் படித்தவர்கள்.
அந்தக் கணக்கில்
மாற்றாமலே திரும்பி வந்த சில்லறையா இது?

பாலத்துத் தூணில் மஞ்சள் நோட்டீஸ்.
லாட்ஜ் பெயர், ரூம் நம்பர்,
மாதத்தில் இரண்டாம் செவ்வாய் மட்டும்.
பச்சை விழுந்தும்
போன் நம்பரைப் படித்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

விரிப்பை ஊறவைத்தவள் கோமளா.
நின்று ஒன்றரை வருஷமானது
திரும்பிவிட்டது என்று நினைத்தாள்.
அப்படித் திரும்பினால் நல்லதில்லையாம்,
மேல்வீட்டு ஷகிலாவின் அக்காவுக்கு
அப்படித்தான் ஆரம்பித்ததாம்.
எழும்பூருக்குத் தனியாகப் போனாள்.
ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துக் குடித்து
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
உள்ளேயிருந்து சதை எடுத்து அனுப்பினார்கள்.
"வலிச்சுதா?" என்றேன்.
"எறும்பு கடிச்ச மாதிரி" என்றாள்.
இரண்டு நாள் சுவரைப் பிடித்து நடந்தாள்.

எனக்குத் தெரியும்.
முதல் நாளே எனக்குத் தெரியும்.
ரத்தம் என்றால் தன்னுடையது என்று
அவள் எடுத்துக்கொண்டாள்.
நான் கொடுத்துவிட்டேன்.
இருபத்திரண்டு நாள்.

"ஒண்ணுமில்லையாம்" என்று பேப்பரை நீட்டினாள்.
சிரித்தாள். கண் துடைத்தாள்.
தோசையைத் திருப்பிப் போட்டாள்.
அப்புறம்தான் கேட்டாள்:
"அப்போ அது யாருது?"

கீழ்ப்பாக்கத்தில் ஓ.பி. சீட்டு வரிசை.
ஜன்னலுக்குள் இருந்த பெண்
"என்ன கம்ப்ளைன்ட்?" என்றாள்.
பின்னால் பதினாலு பேர்.
"யூரின்ல..." என்று இழுத்தேன்.
கோமளா கம்பிக்குள் குனிந்து
"விந்துல ரத்தம்" என்றாள்,
அரிசி விலை சொல்கிற குரலில்.
அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.
யாரும் திரும்பவில்லை.

சிறுநீரியல் டாக்டருக்கு
என் கடைப் பையன் வயசுதான் இருக்கும்.
எத்தனை தடவை, என்ன நிறம் என்றார்.
நிறம் கேட்டதும் எனக்குப் பேச்சு வந்தது.
"முதல்ல சிக்னல் ரெட் சார்,
அப்புறம் ரெட் ஆக்சைடு,
கடைசியா தேக்கு பாலிஷ்."
பேனாவை நிறுத்தினார்.
பழைய ரத்தம் பழுப்பாகத்தான் வரும் என்றார்.
வேறு யாரோடாவது உண்டா என்றார்.
இல்லை என்றேன்.
கோமளா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிரஷர் பட்டை கையை இறுக்கியது. நூற்று எழுபது.
திரையை இழுத்து, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி,
கையுறை, ஜெல்.
மூச்சை விடுங்க என்றார்.

பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுமாம்.
ஆனால் நாற்பத்தொன்பது வயசு, மூன்று தடவை,
பார்க்காமல் விடக் கூடாது என்று
சிறுநீர், ரத்தம், ஸ்கேன் எழுதினார்.

"வலிச்சுதா?" வெளியே வந்ததும் கேட்டாள்.
எறும்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்கேன் அறை வாசலில்
ஒரு லிட்டர் பாட்டிலை என் கையில் திணித்தாள்.
"முழுசா குடி. அடக்கிக்கிட்டு உக்காரு."
குடிக்கிறேன்.
எதிர்ச் சுவரில் எவனோ
ஈரம் காயும் முன்னே அடுத்த கோட் அடித்திருக்கிறான்.
கிரீம் கலர் பொருக்குப் பொருக்காக உரிந்து
அடியில் பழைய பச்சை.
எவ்வளவு சுரண்ட வேண்டியிருக்கும் என்று பார்க்கிறேன்.

முப்பத்தேழு என்று கூப்பிடுகிறார்கள்.
நாங்கள் நாற்பத்தொன்று.