குறிப்புரைக் கட்டம்

இரவு இரண்டேகால்.
தர்மபுரி அரசு மருத்துவமனை,
விபத்துப் பதிவேட்டில் மாதக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
தொப்பூர்க் கணவாய்: நாற்பத்தொன்று.
பாம்புக்கடி: ஏழு.
பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பறிக்கப் போனவர்கள்.
ஏழு பேரும் நடந்தே வீடு திரும்பினார்கள்.
நாற்பத்தொன்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மேசைக்கடியில் காலில் ஏதோ பட்டது.
நாற்காலியோடு பின்னால் பாய்ந்தேன்.

ட்ரிப் குழாய்.
யாரோ சுருட்டி எறிந்தது.

குழாய் என்று தெரிந்த பிறகும்
கையில் மயிர் அடங்கவில்லை.

ஆய்வகத்து இம்தியாஸ் சிரித்தான்.
"ஆதாரம் கேட்டீங்களேக்கா, உங்க கையிலயே நிக்குது.
உடம்பெல்லாம் ரோமமா இருந்த காலத்துல
சிலிர்த்தா ரெண்டு மடங்கு பெருசாத் தெரிவோம்,
எதிரி யோசிப்பான்.
ரோமம் போச்சு, சிலிர்ப்பு போகல.
தினம் தொப்பூர் வழியாத்தானே பஸ்ல வர்றீங்க,
ஒருநாளாவது நின்னிருக்கா?"

இல்லை. தூங்கிவிடுவேன்.
ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க
இரட்டைப் பாலம் கடப்பதே தெரியாது.
லாரி வந்து நாலு தலைமுறைதான்,
மனசுக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை போல.
அது இன்னும் ஏதோ புதருக்குள் உட்கார்ந்து
புல் அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊசி மருந்து எடுக்க வந்த எஸ்தர் விடவில்லை.
"பொழைக்கிறதுக்காக உருவான மனசுன்னா
அது நெசத்தைத்தான் சொல்லணும்னு என்ன கட்டாயம்?
குழாயைப் பாம்புன்னு சொல்லிச்சே இப்ப.
பொய்தான். ஆனா பொழைக்க வைக்கிற பொய்.
உன் ஆதாரத்தையும் அதேதான எடை போடுது?
சந்தேகப்பட்ட தராசை
அதே தராசுல வச்சு நிறுக்கிற."

இம்தியாஸ் வாய் திறந்தான்.
ஆம்புலன்ஸ் சத்தம் முந்திக்கொண்டது.

திம்மராயன், வயது நாற்பத்தாறு, சூளகிரி.
கிரானைட் ஏற்றிய லாரி.
வலது முழங்காலுக்குக் கீழே
எழுதக் கை வராத நிலை.

எப்படி நடந்தது?
"பிரேக் புடிக்கல மேடம்.
முன்னாடி ஒருத்தன் குந்தி உக்காந்து
டயர் மாத்திக்கிட்டிருந்தான்.
பாறைப் பக்கம் திருப்பிட்டேன்."
தெரிந்தவரா?
"முதுகுதான் தெரிஞ்சுது."

அப்போது என்ன நினைத்தீர்கள்?
படிவத்தில் இல்லாத கேள்வி.
ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"நெனைக்க எங்க நேரம். கைதான் திருப்புச்சு."
கண்ணை மூடிக்கொண்டார்.
ஸ்ட்ரெச்சர் நகரும்போது, யாரிடமோ சொல்வதுபோல,
"சட்டை கிழிஞ்சிருந்துது அவனுக்கு. தோள்பட்டைகிட்ட."

"அதுக்கும் ஒரு விளக்கம்..." என்று தொடங்கிய இம்தியாஸ்
ரத்தப் பிரிவு பார்க்க ஓடினான்.
எஸ்தரும் மேலே பார்த்து எதுவும் சொல்லவில்லை.
கையுறையோடு காயத்தை அழுத்திப் பிடித்திருந்தாள்,
தன் எடை முழுவதையும் அதன்மேல் வைத்து.

குறிப்புரைக் கட்டம் அரை அங்குலம்.
எழுதினேன்:
பிரேக் செயலிழந்து,
ஓட்டுநர் வாகனத்தைப் பாறை நோக்கித் திருப்பியதால்.

அந்த 'ஆல்' என்ற இடத்தில் பேனா நின்றது.
எதனால் திருப்பினார்?
பசியால், பயத்தால், கல்லால், கத்தியால்
எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்த உருபு.
காட்டில் கூட்டமாக அலைந்தவர்களின் பழக்கத்தால்,
அல்லது வேறெதனால்,
ஒரு கிழிந்த சட்டையால்?
மூன்றாம் வேற்றுமை எவ்வளவுதான் சுமக்கும்.
முற்றுப்புள்ளி வைத்து
அடுத்த வரிசை எண்ணைப் போட்டேன்.

விடிந்ததும் சேலம் பஸ்.
இன்றைக்காவது விழித்திருந்து
பயந்து பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.
இறக்கம் தொடங்கியது.
பயப்படு, என்றேன் உள்ளே. கேட்கவில்லை.
பாறையில் ஒரு வெள்ளைச் சிராய்ப்பு,
ரோட்டில் கண்ணாடித் தூள், அதன்மேல் மண்.

கொஞ்சம் தள்ளித் தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு,
மற்றொன்றுக்குப் பேன் பார்த்துக்கொண்டு.
லாரிகள் அலறிப் போகின்றன, திரும்பவே இல்லை.
முதுகுதான் தெரிந்தது.

கையைப் பார்த்தேன்.

தீவட்டிப்பட்டியில் நடத்துனர்தான் எழுப்பினார்.