நடுச்சுவர்

என் மூக்கின் நடுச்சுவர்
இடப்பக்கம் சாய்ந்திருந்ததாம்.
பதினொரு வயதில் ஒரு குதிரை தலையை உதறியது,
நான் கழுத்தருகே நின்றிருந்தேன், அவ்வளவுதான்.
முப்பத்திரண்டு வருடம் ஒற்றைத் துளையால் வாழ்ந்து
டிராலி பஸ் ஓட்டி
ஒரு பெண்ணைப் பெற்று
உலான்பாத்தரின் கரிப்புகையில்
பாதியைத்தான் இழுத்திருக்கிறேன்.
மிச்சப் பாதிக்கும் வழி திறந்துவிட்டார்
டாக்டர் புரேவ்.

முதல் இரவு
நான்கு தலையணை.
உட்கார்ந்தபடியே தூங்கு என்றார்கள்.
மூக்கின் கீழே பஞ்சு மீசை.
சிவந்ததும் மாற்ற வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்
எட்டு வயது ஸொல்ஸயா.
காலையில் பதினேழு கோடு.
"அம்மாவுக்குப் பதினேழு மீசை,
அப்பாவுக்கு ஒன்றுகூட முளைக்கல."
சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும்.
சிரித்தேன்.
இழுத்தது.

குனியக் கூடாது.
சிந்தக் கூடாது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்,
குதிரைபோல.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ரேடியேட்டர் காற்றை வறுக்கிறது.
ஒத்கோ அதன்மேல் ஈரத் துண்டைப் போடுகிறான்,
அரை மணியில் அது அப்பளம்.
காலையில் என் நாக்கு
யாரோ கழற்றிப் போட்ட தோல்செருப்பு.

நாளுக்கு ஆறு முறை உப்பு நீர்.
கொதிக்கவைத்து ஆறவைத்து
சாய்த்த தலையில் ஒரு பக்கம் ஊற்றினால்
மறுபக்கம் வரும் என்றார்கள்.
முதல் மூன்று நாள் எங்கும் வரவில்லை.
எங்கள் தேநீருக்கும் உப்புதான்,
பாலும் உப்பும்.
நான்காம் நாள் மூக்குக்கு வைத்த நீரிலேயே
ஒத்கோ தேநீர் போட்டு
மேலே இன்னொரு கை உப்பும் போட்டிருக்கிறான்.
எனக்குத் தெரியவில்லை, இரண்டு கிண்ணம் குடித்தேன்.
அவன் ஒரு வாய் குடித்துவிட்டு
ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.

ஏழாம் நாள்
டாக்டர் கொறடாவை உள்ளே விட்டு
ஒரு சிலிக்கான் தகட்டை உருவினார்.
வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது,
என் சுண்டுவிரலைவிட நீளம்.
"இதுவா உள்ளே இருந்தது?"
"இன்னொன்றும் இருக்கிறது" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில்
இரண்டு துளையாலும் முதல் மூச்சு.
எவ்வளவோ நினைத்து வைத்திருந்தேன்.
கண்ணில் நீர் வந்தது.
மேட்டுக் கூடாரங்களின் அத்தனை அடுப்பும்
ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்தன.
குளிர், ஊசிபோல், நெற்றிவரை.
வாசனை மட்டும் வரவில்லை.
அது மெதுவாக வரும் என்றார்கள்,
கடைசிப் பஸ்போல.

வெள்ளை மாதம் பிறந்த அன்று
ஒத்கோவின் அண்ணன் லுவ்சன் வந்தார்.
பட்டுப் பையிலிருந்து
மூக்குப்பொடிக் குப்பியை எடுத்து நீட்டினார்.
சிவப்புக் கல், பவள மூடி.
வலது கையில் வாங்க வேண்டும்,
மறுத்தால் மரியாதை இல்லை.
மூடியைத் திறக்காமல்
மூக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் தருவதும் முறைதான்.
கொண்டுபோனேன்.

இடப்பக்கம்,
முப்பத்திரண்டு வருடம் செத்துக் கிடந்த பக்கம்,
எழுந்து உட்கார்ந்தது.
புகையிலை.
கூடவே பாட்டி இல்லாத, ஊர் இல்லாத,
வெறும் புகையிலை.
வாயைத் திறந்து தும்மினேன்.
மாமிசக் கொழுக்கட்டைத் தட்டைக்
கையால் மூடிக்கொண்டார் லுவ்சன்.

அவர்கள் போனபின்
ஒத்கோவின் கோட்டை ஆணியில் மாட்டப் போனேன்.
அதே வாசனை, இன்னும் கசப்பாக.
சிகரெட்.
ஸொல்ஸயா பிறந்த அன்றே விட்டுவிட்டதாகச்
சத்தியம் செய்தவன்.

நான் மூச்சு விடவில்லை.
அவ்வளவு செலவு செய்து வாங்கிய மூச்சை
அன்று விடவில்லை.

இரவு இரண்டு மணிக்கு
வெளிக்கதவு மெல்லச் சாத்தும் சத்தம்.
எத்தனை வருடமாகச் சாத்துகிறானோ,
என் குறட்டைதான் அவனுக்குக் காவல் நின்றிருக்கிறது.
படிக்கட்டில் செருப்புச் சத்தம், இருமல்,
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
நான்கு தலையணையில் இரண்டை
அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காலை ஆறரைக்கு
அடுப்படி மேசையில் உப்பு நீர்.
தொட்டுப் பார்த்தேன்.
கை பொறுக்கும் சூடு.